லைட் இல்லாத கார்: சில மே மாதக் குறிப்புகள்

மே 4, 2024, சனி

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கும் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் தரையிலிருந்து அனல் ஏறிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து அம்மாவைத் தங்கை ரயில் ஏற்றிவிட்டிருந்தாள். கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான். கறுப்புக் கண்ணாடியோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்ததுமே, "மணி ஒன்பது ஆச்சா? சொட்டு மருந்து ஊத்தணும்டா" என்றாள்.

பாட்டில் மூடியைத் திருகினேன். விரலை விட்டு நழுவி, சீட்டுக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் நடுவில் எங்கோ போய் விழுந்தது. சுண்டுவிரல் நுனி அளவு வெள்ளை மூடி. மொபைல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் இமையைப் பிரித்து, மறு கையால் ஊற்றினேன். பின்னால் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. மூடி கிடைக்கவே இல்லை. திறந்த பாட்டிலைப் பாலாற்றுப் பாலம் தாண்டி வீடு வரும்வரை அம்மா அகல் விளக்கு மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"ஏண்டா, இந்த வண்டிக்கு உள்ள ஒரு லைட்டு கூடவா இல்ல?"

இல்லை. குடியாத்தத்தில் ஒருவரிடம் இந்தக் காரை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. 2011 மாடல், சின்ன கார். பேர் வேண்டாம், ரோட்டில் நின்று எண்ணினால் பத்துக்கு இரண்டு அதுதான் போகும். லைட் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. பகலில் ஆபீஸ், சாயங்காலம் வீடு என்று ஓட்டுகிறவனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் கோயில் கணக்கு 1981-லேயே தீர்ந்துவிட்டது. எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பட்டியலில் காலியான அந்த இடத்துக்கு என் காரை எழுதிக்கொள்ளலாம்.

மே 5, ஞாயிறு

வெயில் ஏறுவதற்குள் காரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, முதல்முறையாக அதன் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். பியூஸ் பட்டியலில் ரேடியோவுக்கும் ரூஃப் லைட்டுக்கும் சேர்த்து ஒரே பியூஸ், 15 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் கம்பெனியிலிருந்து வரும்போது லைட் இருந்திருக்கிறது. எங்கே போனது?

சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு கூரைத் துணியை விரலால் தட்டிக்கொண்டே போனேன். பலாப்பழம் தட்டிப் பார்க்கிற மாதிரிதான். நடுவில் ஓரிடத்தில் சத்தம் மாறியது. அழுத்தினால் உள்ளே போகிறது, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பள்ளம்.

விஷயம் புரிந்துவிட்டது. கூரைத் துணிக்குப் பின்னால் மெல்லிய பஞ்சு நுரை ஒட்டியிருக்கும். நம் ஊர் வெயிலில் அந்த நுரை நாளாவட்டத்தில் பொடியாகி உதிர, துணி தொங்க ஆரம்பித்துவிடும். முந்தைய ஓனர் புதுத் துணி மாற்றியிருக்கிறார். ஒட்டியவர் லைட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டையோடு சேர்த்து ஒரே இழுப்பாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். வேலை என்னவோ சுத்தமான வேலை. ஒரு சுருக்கம் இல்லை.

மே 6, திங்கள்

ஒரு பட்டறையில் கேட்டேன். "கூரை மொத்தமும் இறக்கணும் சார், ஒயரிங் எப்படி இருக்குமோ, ஒரு மூவாயிரத்து ஐந்நூறு வெச்சுக்குங்க." வைத்துக்கொள்ளவில்லை. நானே செய்கிறேன்.

மே 11, சனி

இன்று அறுத்தேன். புது பிளேடு, நாலாக மடித்த செய்தித்தாளில் வெட்டிய அளவுச் சட்டம். பள்ளத்தின் நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு போட்டு, நான்கு மூலைகளையும் உள்பக்கம் மடித்துவிட்டேன். தவறினால் லைட் மறைக்கும் அளவை விட அதிகமாகத் துணி கிழிந்துவிடும். அதனால் வேண்டியதை விடச் சிறியதாகவே வெட்டினேன். பெரிதாக்குவது பிறகு எப்போதும் முடியும்.

உள்ளே இரண்டு ஒயர். நுனியில் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் உருகி, பலாப்பால் மாதிரி விரலெல்லாம் பிசுபிசு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் ராத்திரி சோற்றில் அந்த வாசனை வந்தது.

அப்புறம்தான் அந்த முட்டாள்தனம். எது கரண்ட் வருகிற ஒயர் என்று பார்க்க நுனியைச் சீவினேன். பேட்டரியைக் கழற்றவில்லை. சின்ன லைட்டு ஒயர்தானே என்ற நினைப்பு. சீவிய நுனி நெளிந்து கூரைத் தகட்டைத் தொட்டது. 'டப்'. நீலமாக ஒரு பொறி, அவ்வளவுதான். எஃப்.எம். அணைந்தது, கடிகாரம் செத்தது. வண்டிக்குள் இருந்த பையன், "அப்பா, பாட்டு நின்னுடுச்சு" என்று செய்தி வாசித்தான்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமா வந்தார். பஸ் டெப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"இன்னா நைனா, பேட்டரி ஒயர உருவாமயே கைய வெச்சிட்டியா?"

"சின்ன ஒயரு மாமா."

"ஒயரு சின்னதுதான். அதுக்குப் பின்னாடி நிக்கிற பேட்டரி சின்னதா? பியூசு போச்சேன்னு அழுவாத. அது போவலன்னா ஒயரு எரிஞ்சிருக்கும், ஒயரோட கூரத் துணியும் எரிஞ்சிருக்கும்."

பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்துப் பேட்டரியின் மைனஸ் பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவர் போய்விட்டார். மைனஸ்தான் முதலில் கழற்ற வேண்டும். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் இதே கூத்து, பத்து மடங்கு பெரிதாக.

மே 12, ஞாயிறு

நீலக் கலர் 15 ஆம்பியர் பியூஸ் போட்டதும் பாட்டு வந்தது. கைக்கு 20 ஆம்பியர் மஞ்சள் பியூஸ்தான் அகப்பட்டது, ஆனால் போடவில்லை. 15 போட்டால் போய்விடுகிறதே என்று 20 போடுவது, நாய் குரைக்கிறதென்று நாயை விற்றுவிடுவது மாதிரி.

டெஸ்ட் லேம்ப் நானே கட்டினேன். பழைய இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர், ஒரு நுனியில் முதலை வாய் கிளிப். கிளிப்பைப் பாடி இரும்பில் கவ்வவிட்டு மறு நுனியால் இரண்டு ஒயரையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் எரிந்தது, அது பேட்டரியிலிருந்து நேராக வருவது. இன்னொன்று? பல்பை இப்போது இரண்டு ஒயருக்கும் நடுவில் பிடித்தேன். எரியவில்லை. டிரைவர் கதவைத் திறந்தேன், எரிந்தது. மூடினால் அணைகிறது. நாலு தடவை திறந்து மூடினேன். சும்மாதான், பார்க்க நன்றாக இருந்தது.

இங்கே ஒரு விஷயம். வீட்டில் சுவிட்ச் என்பது கரண்ட் வரும் பாதையில் இருக்கும். இந்தக் காரில் தலைகீழ். பல்புக்கு 12 வோல்ட் எப்போதும் வந்து நிற்கிறது. கதவுச் சட்டத்தில் ரப்பர் தொப்பி போட்ட குமிழ் இருக்கிறதே, கதவு திறந்ததும் அது வெளியே துள்ளி, திரும்பிப் போகும் ஒயரை பாடியில் சேர்க்கிறது. கார் உடம்பு முழுக்க இரும்பு, பேட்டரி மைனஸும் அந்த இரும்பில்தான் கட்டியிருக்கிறது. அதனால் பாதி ஒயரிங் கண்ணுக்கே தெரிவதில்லை.

மே 14, செவ்வாய்

லைட் கிடைத்தது. ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு காயலான் கடை. அதே மாடல் வண்டி ஒன்று முன்பக்கம் நசுங்கி நின்றது, கூரை மட்டும் பழுதில்லை. 150 சொன்னார், 120-க்குக் கொடுத்தார். மூன்று நிலை சுவிட்ச்: எப்போதும் எரிவது, கதவு திறந்தால் எரிவது, அணைப்பது. மூடி மட்டும் மஞ்சள் பூத்திருக்கிறது.

பல்பு வேறொரு கடையில் வாங்கினேன். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி போட்ட சின்னக் கண்ணாடிக் குழல். அளவு கேட்காமல் கொடுத்தார், பார்க்காமல் வாங்கி வந்தேன். வீட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 41 மில்லி. எனக்கு வேண்டியது 36. தகட்டை வளைத்துத் திணிக்கலாம் என்று கை துறுதுறுத்தது. விட்டுவிட்டேன்.

மே 15, புதன்

36 மில்லி, 5 வாட் பல்பு மாற்றி வாங்கினேன். கடைக்காரர் 10 வாட் எடுத்துக்கச் சொன்னார், வெளிச்சம் நல்லா இருக்குமாம். சூடும் நன்றாகவே இருக்கும். வெயிலில் நின்ற காருக்குள் ஏற்கெனவே அடுப்படி மாதிரி இருக்கிறது. காயலான் கடை லைட்டின் மூடி பல்புக்கு நேராக மட்டும் பழுப்பாகியிருப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்?

மே 18, சனி

ஒயர்களை முறுக்கி, ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் ஏற்றி லைட்டரால் சூடு காட்டினேன். சுருங்கிப் பிடித்துக்கொண்டது. டேப் என்ற பேச்சுக்கே இடமில்லை. லைட்டை இரண்டு ஸ்க்ரூ போட்டுக் கூரைச் சட்டத்தில் பிடித்தேன். ஒரு ஓட்டை தேய்ந்து ஸ்க்ரூ வழுக்கியது. சுவரில் காலண்டர் மாட்டுகிற பழக்கம் போகுமா? பிளாஸ்டிக் பிளக்கில் ஒரு துண்டு வெட்டிச் செருகி, அதில் ஸ்க்ரூவை இறுக்கினேன். கச்சிதமாக நின்றது.

பேட்டரியை மாட்டி டிரைவர் கதவைத் திறந்தால் எரிகிறது. 'எப்போதும்' என்ற நிலைக்குத் தள்ளினால் எரியவில்லை. பல்பு நல்ல பல்பு, கரண்ட் வருகிறது, கதவுக்கு எரிகிறது. பின்னே? ஒரு மணி நேரம் சுவிட்ச்சைக் கழற்றி மாட்டினேன், எமரி தாள் போட்டுத் தேய்த்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

மாமா வந்து அண்ணாந்து பார்த்தார். "இந்த ஸ்க்ரூ ஏன் நைனா வெள்ளையா சட்ட போட்டுக்குனு கீது?"

அதுதான். கதவு நிலைக்கு எர்த், அதாவது பாடி இரும்புக்குத் திரும்பும் பாதை, அந்த இரண்டாவது ஒயர் வழியாகப் போகிறது. 'எப்போதும்' நிலைக்கு எர்த் அந்த ஸ்க்ரூ வழியாகவே கூரைக்குப் போக வேண்டும். நான் பிளாஸ்டிக் வைத்து அதை அடைத்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி எறிந்து, ஒரு சுற்று தடித்த ஸ்க்ரூ போட்டேன். எரிந்தது.

மே 19, ஞாயிறு

அம்மா உட்காருவது இடது பக்கம். அந்தக் கதவைத் திறந்தால் லைட் வராது, இந்த மாடலில் டிரைவர் பக்கம் மட்டும்தான் குமிழ். இடது சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, ரப்பர் அடைத்திருக்கிறார்கள். ஒரு குமிழ் சுவிட்ச் வாங்கி அதில் ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். அதற்கு எர்த் அந்த ஸ்க்ரூவே. ஆகவே இழுக்க வேண்டியது ஒரே ஒரு ஒயர், வலது குமிழின் ஒயரிலிருந்து இடது குமிழுக்கு. எந்தக் கதவு திறந்தாலும் எரியும்.

ஒயரை கார்பெட்டுக்கு அடியில், சீட் நகரும் தண்டவாளத்தில் மாட்டாதபடி கொண்டுபோனேன். கதவடி பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கும்போது ஒரு கிளிப் உடைந்தது. கார்பெட்டுக்கு அடியில் கிடைத்தவை: இரண்டு ரூபாய் நாணயம், வேர்க்கடலைத் தோல், குடியாத்தம் போகிற பஸ் டிக்கெட் ஒன்று, சொட்டு மருந்து மூடி. அந்தப் பாட்டில் போய் இரண்டு வாரம் ஆகிறது. அம்மா மூடியைக் கழுவி அலமாரியில் வைத்துக்கொண்டாள். எதற்கோ.

நடுவில் பையன் பேச்சைக் கேட்டு வெள்ளை எல்.இ.டி. ஒன்று போட்டேன். முதலில் எரியவில்லை. திருப்பிப் போட்டதும் எரிந்தது, அதற்குப் பிளஸ் மைனஸ் பேதம் உண்டு. அம்மா கதவைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்குதுடா, கண்ணு கூசுது." பழைய மஞ்சள் பல்பே திரும்ப வந்தது.

மே 21, செவ்வாய்

நேற்று ராத்திரி லைட்டை 'எப்போதும்' நிலையில் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்து வயிறு கலங்கியது. வண்டி ஒரே முறையில் ஸ்டார்ட் ஆனது. அப்புறம் கணக்குப் போட்டேன். 5 வாட்டுக்கு 0.4 ஆம்பியர் சொச்சம். பத்து மணி நேரத்துக்கு நாலு ஆம்பியர்-ஹவர் (ஏ.எச்.). பேட்டரி 35 ஏ.எச். ஒரு ராத்திரி தாங்கும். வெள்ளி ராத்திரி விட்டுவிட்டுத் திங்கள் காலை வந்தால் தள்ளத்தான் வேண்டும்.

சாயங்காலம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் எட்டு மணிக்கு வெளியே வந்தோம். இடது கதவைத் திறந்தாள். மஞ்சள் வெளிச்சம் சீட்டில் விழுந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன், அவளே சொல்லட்டும் என்று. அம்மா கைப்பையைத் திறந்து, மருந்துச் சீட்டையும் மருந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சில்லறையை எண்ணி, எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்தாள். கதவு திறந்தே இருந்தது.

"சீக்கிரம் அணைடா. கொசு எல்லாம் உள்ள வருது பார்."