எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல?

பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த முதல் மாதம், பழைய இழை பல்பு ஒன்றைக் கையில் கொடுத்து மின்தடையை அளக்கச் சொன்னார்கள். 230 வோல்ட், 100 வாட் என்று கண்ணாடியிலேயே அச்சாகியிருந்தது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். 40 ஓம் அளவில் நின்றது. வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி மின்தடையால் வகுத்தால் வாட் கிடைக்கும் என்று படித்திருந்தேன். வகுத்ததில் 1322 வாட் வந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அதே விடைதான்.

குளிர்ந்த பல்பை அளந்துவிட்டு எரிகிற பல்புக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. எரியும்போது டங்ஸ்டன் இழையின் சூடு சுமார் 2500 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடும். பல்பை எரியவிட்டுப் பார்த்தால் ஓடுவது 0.43 ஆம்பியர்தான். 230-ஐ அதனால் வகுத்தால் 530 ஓமுக்குப் பக்கத்தில் வரும். 230 × 0.43 ஏறக்குறைய 100 வாட். கண்ணாடியில் இருந்த எண் சரி. நான் கண்ட 40 ஓமும் பொய்யில்லை, அது ஸ்விட்சைப் போடும் அந்த நொடிக்கான எண். அந்த நொடியில் ஐந்தாறு ஆம்பியர் பாயும். இழை பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்சைப் போடும்போதே போய்விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு மின்சாரம் எடுக்கும் எந்தச் சாதனமாக, அதாவது லோடாக, இருந்தாலும் ஓடும்போதே வோல்டேஜையும் கரன்டையும் சேர்த்து அளந்து, அதிலிருந்துதான் மின்தடையைக் கணக்கிடுவேன். அது போதும் என்று சில வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சூளையில் 3 கிலோவாட் ஹீட்டர் இருந்தது. அதற்குப் போகும் கம்பியைத் திருகி இணைக்கும் டெர்மினல் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கருகிப்போகும். மாற்றுவோம், மறுபடியும் கருகும். கணக்குப்படி எல்லாம் ஒழுங்காக இருந்தது. 3000-ஐ 230-ஆல் வகுத்தால் 13 ஆம்பியர். அந்த டெர்மினல் அதைவிட இரண்டு மடங்கு கரன்டைத் தாங்கக்கூடியது. கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரன்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 12.8 ஆம்பியர், மின்சாரம் பிரியும் பேனலில் 230 வோல்ட். வகுத்தால் 18 ஓம். ஹீட்டரின் தகவல் தட்டுப்படி 17.6 இருக்க வேண்டும். சூட்டில் நிக்ரோம் சுருளின் தடை சில சதவீதம் கூடுவது வழக்கம். அதனால் இந்த வித்தியாசத்தை நான் பொருட்படுத்தவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு டெர்மினலையும் ஓம் அளவில் பார்த்தேன். 0.5 ஓம் காட்டியது. தொடு முனைகளான புரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தாலே 0.3 வரும் மீட்டர் அது. மீதி 0.2-ஐ நம்பவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை.

எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன் என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். பெருக்கல் வகுத்தல் எதையும் அவர் சரிபார்க்கவில்லை. "தம்பி, இந்த 230 எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல?" என்று மட்டும் கேட்டார்.

பேனலில் எடுத்தது என்றேன். கருகுவது பேனலா டெர்மினலா என்று திருப்பிக் கேட்டார்.

முறையான அனுமதி வாங்கி, கையுறை போட்டு, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த டெர்மினலின் இந்தப் பக்கம் ஒரு புரோப், அந்தப் பக்கம் ஒரு புரோப் வைத்தோம். 3.8 வோல்ட். பக்கத்தில் நல்ல நிலையில் இருந்த டெர்மினலில் அதே கரன்டுக்கு 0.02 வோல்ட்தான். 3.8-ஐ 12.8-ஆல் வகுத்தால் 0.3 ஓம். பெருக்கினால் கிட்டத்தட்ட 49 வாட், ஒரு சால்டரிங் அயர்ன் எடுக்கும் திறன். விரல் நுனி அளவு உலோகத்துக்குள் அது இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நல்ல டெர்மினலில் அதே கணக்குக்குக் கால் வாட்தான் வந்தது.

0.3 ஓம் என்று எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். சூட்டின் கணக்கு கரன்ட் × கரன்ட் × மின்தடை, அதில் கரன்ட் இரண்டு தடவை வருகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஒரு ஆம்பியர் ஓடும் இடத்தில் அதே 0.3 ஓம் கால் வாட்டுக்குச் சற்று மேல்தான் தரும், தொட்டாலும் தெரியாது. 13 ஆம்பியரில் அது ஐம்பது வாட்.

மின்தடையின் அலகுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் ஓம் என்ற மனிதருக்கும் இதே சிக்கல் வந்திருக்கிறது என்று பின்னால் படித்தபோது மனதுக்கு நெருக்கமாக இருந்தது. அந்தக் காலத்து வோல்ட்டா மின்கலம் லோடு ஏறியதும் தன் மின்னழுத்தத்தையே மாற்றிக்கொள்ளும். எது கம்பியின் குணம், எது கலத்தின் குணம் என்று பிரிக்க முடியாது. அவர் பிஸ்மத்தும் தாமிரமும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார்; இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தில் மின்னழுத்தம் தருவது அது. ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அழுத்தம் அசையாமல் பார்த்துக்கொண்டார். அந்த அளவீடுகளின் மேல் எழுந்ததுதான் 1827-இல் வந்த அவருடைய நூல். வகுத்தல் அவருக்குப் பெரிய வேலையாக இருந்திருக்காது. வகுக்கத் தகுந்த எண்களைப் பெறுவதற்கே பாடுபட்டிருக்கிறார்.

மோட்டார்களில் இந்தப் பெருக்கலை அப்படியே நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 1150 வரும், ஆனால் அது வோல்ட்-ஆம்பியர். அதில் உண்மைத் திறனாகும் பங்கு, அதாவது பவர் ஃபேக்டர், 0.8 என்றால் உண்மையில் எடுக்கும் திறன் 920 வாட். ஹீட்டரில் இந்தத் தொல்லை கிடையாது.

அந்த டெர்மினலைக் கழற்றியபோது கம்பியின் இழைகளில் பாதி திருகுக்கு வெளியே நின்றது, பிடிபட்ட பாதியும் கறுத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் டெர்மினலை மாற்றினோமே தவிர, கறுத்த கம்பி முனையை வெட்டிப் புதிதாக உரித்ததே இல்லை. இந்தத் தடவை வெட்டி, முனையில் லக் என்ற உலோக இணைப்பானை அடித்து, இறுக்கினோம். ஹீட்டரைப் போட்டு அளந்தால் 0.02 வோல்ட். குறிப்பேட்டில் வோல்டேஜ், கரன்ட் என்ற இரண்டு கட்டங்களுக்கு முன்னால் இன்னொரு கட்டம் வரைந்தேன்: புரோப் வைத்த இடம்.