இடது கண்ணில் ஒரு வளையம்

போன மாரியில் ஓர் இரவு, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகையில் இடது கண்ணின் ஓரத்தில், காதுப் பக்கமாக, ஒரு வெளிச்சம் வெட்டியது. திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் எங்கள் வீட்டு ஜன்னல் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கார்த்திகையில் கடலுக்கு மேல் மின்னுவது புதிதில்லை. ஆனால் இடி கேட்கவில்லை. தலையைத் திருப்பினேன், மறுபடி வெட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு விழியை மட்டும் பக்கவாட்டில் அசைத்தேன். மூடிய கண்ணுக்குள்ளும் வில் போல வளைந்த ஒரு கீற்று வந்து போனது. வானத்து மின்னல் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

விடிந்ததும் முற்றம் கூட்டப் போனேன். வெளுத்த வானத்தில் ஒரு வளையம் மிதந்தது. முழு வட்டமில்லை, ஒரு பக்கம் அறுந்த மாதிரி. பக்கத்தில் தலைமயிர்த் துண்டு போல இரண்டு இழைகள். நேராகப் பார்க்கப் போனால் நழுவி ஓடும். பார்வை நின்றதும் ஆடி அசைந்து வந்து நிற்கும். நுளம்பென்று நினைத்துக் கையால் விசிறினேன். வலது கண்ணை மூடினால் அது இருந்தது, இடது கண்ணை மூடினால் இல்லை.

"பித்தமாக்கும், தேசிக்காய்த் தண்ணி குடியும்" என்றார் இவர். பக்கத்து வீட்டு அக்கா நந்தியாவட்டைப் பூ கொண்டுவந்து தந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் பவர் மாறியிருக்கும் என்று சொல்லிப் புதுக் கண்ணாடிக்கு அளவெடுத்தார்கள். இப்படியே இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. எழுத்து வாசிக்க வைத்துப் பவர் பார்க்கிற சோதனையில் கண்ணின் பின்பக்கம் தெரியவே தெரியாது.

மட்டக்களப்பில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. "அம்மா, இண்டைக்கே கண் டொக்டரிட்டப் போங்கோ. நாளைக்கு இல்ல."

கிளினிக்கில் துண்டு எடுத்துக் காத்திருந்தேன். மிஸ் வந்து, கண்ணின் பாப்பாவை விரிக்கிற மருந்தை விட்டு விட்டு மூன்று முறை ஊற்றினார். கொஞ்சம் எரியும், பிறகு கிட்டத்து எழுத்து எல்லாம் கலங்கிப்போகும். டொக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்து, என்னைப் படுக்கவைத்துப் பார்த்தார். மேலே பாருங்கள், காதுப் பக்கம் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி, இமைக்கு வெளியே சிறிய உலோகக் கருவியால் அமர்த்தினார். விழித்திரையின், அதாவது கண்ணின் பின்சுவரில் வெளிச்சத்தை உணரும் படலத்தின், கரையோரம் அப்படி அமர்த்தினால்தான் கண்ணுக்குப் படுமாம். அந்த வெளிச்சத்தில் இலையில்லாத மரம் போல ஒன்று கிளைவிட்டுத் தெரிந்தது. என் கண்ணின் சொந்த இரத்தக் குழாய்களின் நிழல் அது.

"அம்மா, இப்ப கிழிசல் இல்ல. நல்லம். ஆனா கதை முடியல்ல" என்றார், சிங்களம் கலந்த தமிழில், நிதானமாக.

அவர் விளக்கியது இது. கண்ணுக்குள் முட்டை வெள்ளைக்கரு போன்ற ஒரு ஜெல்லி நிறைந்திருக்கிறது. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் கண்ணாடியுடனீர் என்று படித்தோமே, அதுதான். கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர், அதில் மெல்லிய நார்கள். ஐம்பதைத் தாண்டினால் அது நீர்த்துச் சுருங்கி, பின்னால் ஒட்டியிருக்கும் விழித்திரையிலிருந்து கழன்றுவிடும். அநேகருக்கு நடப்பதுதான். என்னைப் போலச் சின்ன வயதிலிருந்தே குறும்பார்வைக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கும், கட்டராக்ட் வெட்டியவர்களுக்கும் முந்தியே நடக்கலாம். கழலும்போது விழித்திரையை இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும், அதனால்தான் மின்னல். அந்த வளையம், பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த இடம் உரிந்து வந்தது.

இதற்கு மருந்தோ துளியோ கிடையாது. ஆனால் இப்படிப் புதிதாக அறிகுறி காட்டுகிற பத்துப் பேரில் ஒருவருக்காவது அந்த இழுவையில் விழித்திரை கிழிகிறது. கிழிசலுக்குள் தண்ணீர் புகுந்தால் விழித்திரையே பெயர்ந்துவிடும். ஆறு கிழமையில் திரும்ப வரச் சொன்னார். அதற்குள் புள்ளிகள் கூடினாலோ, மின்னல் கூடினாலோ, ஓரத்திலிருந்து திரை இழுத்த மாதிரி நிழல் வந்தாலோ அன்றைக்கே வரவேண்டும்.

சரி, தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான்காவது கிழமை, தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, வெள்ளைப் பூவுக்கு மேல் எள்ளுத் தூவினது போலக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. கிண்ணத்தை மாற்றிப் பார்த்தேன். புள்ளிகள் கண்ணோடு வந்தன. துருவலையை அப்படியே போட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். அவை கண்ணுக்குள் கசிந்த இரத்தம். இடது கண்ணின் மேற்பக்கம், காதோரமாக, குதிரை லாடம் போல ஒரு கிழிசல் விழுந்திருந்தது. அன்று இரவு ரயிலிலேயே கொழும்புக்குப் போனோம்.

அங்கே லேசர் வைப்பார்கள் என்றார்கள். அதை நினைத்து ரயிலில் கண் மூடவில்லை. உண்மையில் அது ஒரு கால்மணி நேர வேலை. கண்ணை மரக்கவைத்து, மேலே ஒரு வில்லையை ஒட்டி, நாடியை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் டிக் டிக்கென்று வெட்டியது. சில இடங்களில் உள்ளே ஊசி தொட்டாற்போல ஒரு கடுப்பு. கிழிசலைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, தழும்பால் விழித்திரையைக் கீழே ஒட்டவைக்கிறார்கள். தழும்பு இறுக ஏறத்தாழ இரண்டு கிழமை செல்லும். அதுவரை நான் வாளித் தண்ணீர் தூக்கவில்லை, இவர்தான் தூக்கினார்.

லேசர் வளையத்தை அழிக்காது. ஜெல்லியையே எடுத்துவிடும் ஆபரேஷனும் இருக்கிறது. ஆனால் அதிலேயே கட்டராக்டும் கிழிசலும் வரக்கூடும் என்பதால், வேலையே செய்ய முடியாதவர்களுக்குத்தான் யோசிப்பார்களாம். எனக்கு மின்னல் மூன்றாம் மாதத்தோடு நின்றது. இழைகள் கீழே இறங்கிவிட்டன. வளையம் இருக்கிறது, வெயில் நேரம் டச்பே கடற்கரையில் நின்றால் வரும். பல நேரம் நான் கவனிப்பதில்லை.

வலது கண்ணிலும் வரக்கூடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சுவர்க் கலண்டரைப் பார்க்கிறேன், ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மற்றதைப் பொத்தி. நாலு மூலையும் தெரிந்தால் எழும்பி வேலைக்குப் போகிறேன்.