பழைய பேஸ் கிட்டார் ஒன்றைச் சரிக்கட்டிய கதை

பேஸ் வாசிக்கும் ஆசை எனக்கு இளையராஜா பாட்டுகளால் வந்தது. தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போகிற வழியெல்லாம் காரில் அதுதான் ஓடும், பாடுகிறவரை விட்டுவிட்டு அடியில் நடந்து போகிற அந்தக் கனத்த சத்தம் எங்கே ஏறுகிறது, எங்கே சட்டென்று நிற்கிறது என்றே காது போய்க்கொண்டிருக்கும். போதாததற்கு என் தாய்மாமா எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கே கல்யாண மண்டபங்களில் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்தவர். அவர் வாசித்த காலத்தில் நான் மேடைக்குக் கீழே பிரியாணித் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தேன், கற்றுக்கொள்ளத் தோன்றவில்லை. 46 வயதில் தோன்றியது.

பிப்ரவரியில் வாங்கினேன், இப்போது ஆகஸ்ட். முதல் இரண்டு மாதமும் இடது கை விரல்கள் வலித்தே செத்தன, வயசாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு.

வாங்கியதிலிருந்து தொடங்குகிறேன். கடைகளில் ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200, யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஸ்குவையர் என்று தொடக்கக்காரர்கள் வாங்குகிறதையெல்லாம் மடியில் வைத்துப் பார்த்தேன். மூன்றுமே நல்லவைதான், பணம்தான் இடித்தது. ஆனால் அப்படி உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது: எல்லாவற்றிலும் கம்பியின் நீளம் அதே 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர், 1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோது வைத்த அளவு. நெக்கின், அதாவது இடது கை பிடிக்கிற நீண்ட கழுத்தின், அகலம் மட்டும் வேறுபடுகிறது. 1960இல் வந்த ஜாஸ் பேஸ் மாதிரியில் தலைப்பக்கம் சுமார் 38 மில்லிமீட்டர்தான், பிரிசிஷன் மாதிரியில் 41க்கு மேல். என் கை சின்னது, ஒல்லி நெக்தான் பிடித்தது. 30 அங்குலத்தில் குட்டை பேஸும் வருகிறது, சின்னக் கைக்காரர்கள் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடைசியில் டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் ஒருவர் வீட்டில் பழையது ஒன்று 1,800 ராண்டுக்குக் கிடைத்தது. தலைப்பலகையில் இருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்தே போயிருந்தது. பிரிசிஷன் வகைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள்) ஒன்று, ஜாஸ் வகை ஒன்று, ஒல்லி நெக். அங்கேயே வெளிச்சத்தில் நெக்கைத் துப்பாக்கிக் குறி பார்க்கிற மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், முறுக்கு இல்லை. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோக மெட்டு) ஒவ்வொரு கம்பியையும் அழுத்தித் தட்டிப் பார்த்தேன், எங்கேயும் சத்தம் செத்துப்போகவில்லை. நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்கிற இரும்புக் கோலான டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன், விட்டார், திரும்பியது. பழையது வாங்கும்போது இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும் என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் சரிசெய்கிற சமாச்சாரம். நெக் முறுக்கியிருந்தால் மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

கம்பிகளோ செம்மண் நிறத்தில் இருந்தன. டர்பன் ஈரக்காற்றில் எதுதான் துருப்பிடிக்காது! பழைய பேஸ் கம்பியைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் சத்தம் திரும்பும் என்று சொல்வார்கள். அது அழுக்குக்கும் எண்ணெய்ப்பிசுக்குக்கும் சரி, துருவுக்கு எடுபடாது. மனைவி ரசம் வைக்கிற பாத்திரத்தில் போட்டுப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன், அந்தப் பாத்திரம் இப்போது என் கணக்கில் சேர்ந்துவிட்டது. புதுசாக 45, 65, 85, 105 கட்டு வாங்கினேன் (ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு, 105 என்றால் 2.67 மில்லிமீட்டர் தடிமன்). பேஸுக்கு நாலு கம்பி, தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. அதிலும் ஜி கம்பியைக் கட்டையாக வெட்டி, சுருதி முறுக்குகிற முளையில் ஒரே சுற்றுதான் விழுந்தது, நழுவிக்கொண்டே இருந்தது. முளையைத் தாண்டி அரைச் சாண் அளவாவது விட்டு, முதலில் மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும்.

அடுத்த தப்பு வரிசையில். சுருதி காட்டுகிற ட்யூனரை வாங்கின சந்தோஷத்தில் முதலில் பிரிட்ஜில் (உடல்பக்கம் கம்பிகள் மாட்டுகிற உலோகத் தகடு) கம்பியைத் தாங்குகிற சின்னத் துண்டுகளான சேடில்களை முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதி நீளம் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டேன். 12ஆம் ஃப்ரெட்டில் தொட்டும் தொடாமலும் எழுப்புகிற நாதமும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கிற சுரமும் ஒன்றாக வர வேண்டும், அழுத்தினது கூடினால் சேடிலைப் பின்னே தள்ளு, குறைந்தால் முன்னே கொண்டுவா, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. அடுத்த வாரம் நெக் வளைவையும் கம்பி உயரத்தையும் மாற்றினதும் அத்தனையும் வீண், திரும்ப முதலிலிருந்து. புதுக் கம்பி, நெக் வளைவு, நட், சேடில் உயரம், கடைசியில்தான் சுருதி நீளம், அதற்கும் அப்புறம் பிக்கப். இந்த வரிசையை இப்போது கிட்டார் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நெக் வளைவு பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கீழ்த்தெரு மெக்கானிக்கிடம் கார் எஞ்சினில் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகட்டுக் கட்டு, ஃபீலர் கேஜ், இரவல் வாங்கினேன். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் கம்பியே ஒரு நேர்கோல் ஆகிவிடுகிறது, 7ஆம் 8ஆம் ஃப்ரெட் பக்கம் அதற்கு அடியில் இருக்கிற இடைவெளிதான் வளைவு. என்னுடையதில் 0.9 மில்லிமீட்டர், தொட்டில் மாதிரி. ஆலன் கீயால் கால் சுற்று இறுக்குவது, மறுபடி சுருதி சேர்ப்பது, இரவு விட்டுவிடுவது, காலையில் அளப்பது. நாலு நாளில் 0.35க்கு வந்தது. ஒரே நாளில் இறுக்கிவிடலாமே என்று கை பரபரக்கும், கூடாது, மரம் மெதுவாகத்தான் நகரும், ராடு அறுந்துபோனால் 1,800 ராண்டும் போச்சு. பிறகு சேடில்களை இறக்கினேன். 12ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பி 4 மில்லிமீட்டரிலிருந்து 2.5க்கும், ஜி கம்பி 2க்கும் வந்தது.

இவ்வளவும் செய்தும் விரல் வலி போகவில்லை. விசித்திரம் என்னவென்றால் நடுநெக்கில் வெண்ணெய் மாதிரி இருக்கிறது, முதல் மூன்று ஃப்ரெட்டில்தான் கம்பி முறைக்கிறது. மாமாவிடம் போனில் புலம்பினேன். “ட்யூனரைச் சொருகிட்டு முதல் ஃப்ரெட்டை அழுத்திப் பாரு தம்பி, என்ன காட்டுது?” என்றார். ஈ கம்பியில் முதல் ஃப்ரெட், எஃப் சுரம் வர வேண்டும், வந்தது, ஆனால் 25 செண்ட் கூடுதலாக. அரைச் சுரத்துக்கு 100 செண்ட் என்றால் கால் பங்கு பிசகு. 12ஆம் ஃப்ரெட்டில் சுத்தமாக இருக்கிறது, முதல் ஃப்ரெட்டில் மட்டும் கூடுகிறது. “அப்போ நட்டுதான். கம்பி உயரத்துல உக்காந்திருக்கு. நீ கீழே அழுத்துற தூரத்துல அது இழுபட்டுச் சுருதி ஏறுது. உன் விரலுக்கு ஒண்ணும் ஆகல.”

நட் என்றதும் போல்ட்டுக்குப் போடுகிறது என்று நினைக்க வேண்டாம், தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்கார்ந்து போகிற சின்னக் கட்டை. மலிவு வாத்தியங்களில் பிளாஸ்டிக். தொழிற்சாலையில் பள்ளத்தை ஆழமாக வெட்டிவிட்டால் கம்பி இரைச்சல் போடும், வாங்குகிறவர் திருப்பித் தருவார், அதனால் உயரமாகவே விட்டுவிடுகிறார்கள். என் யூகம்தான், ஆனால் நண்பர்களின் மலிவு கிட்டார்கள் நாலைப் பார்த்துவிட்டேன், நாலும் இதே கதை. சோதிக்கிறது சுலபம்: கம்பியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு 1ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள், ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி போதும். எனக்கு ஐந்தாறு காகிதம் நுழைந்தது.

நட் அரம் என்று தனியாக விற்கிறார்கள், அந்த விலைக்கு இன்னொரு பேஸே வாங்கலாம். ஜி கம்பிக்கும் டி கம்பிக்கும் வெல்டிங் டார்ச் மூக்கைச் சுத்தப்படுத்துகிற ஊசிக் கட்டை வைத்துச் சமாளித்தேன், சொரசொரப்பான ஊசிகள், பல தடிமனில் வரும். தடித்த இரண்டுக்கும் பழைய துருப்பிடித்த கம்பித் துண்டின் மேல் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தேன், வெந்நீரில் வெந்த கம்பி கடைசியில் இதற்காவது ஆயிற்று. பள்ளம் தலைப்பலகைப் பக்கம் கொஞ்சம் சரிய வேண்டும், கம்பி பள்ளத்தின் முன்விளிம்பில்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சித்தார் மாதிரி ரீங்காரம் போடும். பத்து இழுப்பு, கம்பியைப் போட்டுப் பார், திரும்பப் பத்து இழுப்பு. மூன்று கம்பி அருமையாக வந்தது. நாலாவது ஏ கம்பி, மகள் ஏதோ கேட்டாள், பதில் சொல்லிக்கொண்டே தேய்த்ததில் ஆழம் கூடிவிட்டது, சும்மா தட்டினாலே முதல் ஃப்ரெட்டில் உராய்கிறது. பள்ளத்தில் சமையல் சோடா தூவி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டேன், நொடியில் கல்லாகிவிட்டது, மறுபடி தேய்த்தேன். முதல் ஃப்ரெட் இப்போது 5 செண்டுக்குள் நிற்கிறது. அன்று ராத்திரி இரண்டு மணி நேரம் வாசித்தேன், விரல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. ஜாஸ் வகைப் பிக்கப்பை மட்டும் திறந்தால் ‘ம்ம்ம்’ என்று முனகும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல், ஒற்றைச் சுருள் பிக்கப்பின் குணம் அது. பிரிசிஷன் வகையில் சுருள் இரண்டாகப் பிரிந்து எதிரெதிராக இருப்பதால் தானே அடங்கிவிடும். ஆனால் என்னுடையதில் இரண்டிலும் முனகல், கம்பியைத் தொட்டாலும் குறையவில்லை. தொட்டால் குறைய வேண்டும். பிரிட்ஜைக் கழற்றினால் அடியில் வருகிற எர்த் ஒயர் துருப்பிடித்து விட்டுப் போயிருந்தது, சுரண்டிவிட்டு அழுத்தி மூடினேன், அடங்கியது. கரகரத்த வால்யூம் குமிழுக்குள் எலெக்ட்ரானிக் கிளீனர் இரண்டு பீச்சு.

கேட்கிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், கைபேசி ஸ்பீக்கரில் அது வரவே வராது, மகளின் சின்ன கிட்டார் ஆம்பில் சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் கிழியும். இரண்டு சின்ன பேட்டரி போட்டு கிட்டாரிலேயே சொருகுகிற ஹெட்போன் ஆம்ப் வாங்கினேன், கரண்ட் போனாலும் பயிற்சி நிற்பதில்லை, அண்டை வீட்டுக்கும் நிம்மதி.

மகளின் மலிவு எலெக்ட்ரிக் கிட்டாரையும் கையோடு பார்த்தேன். ஜி கம்பி சுருதி நிற்கவில்லை என்று அழுதாள். நட் பள்ளத்தில் பென்சில் தூளைத் தேய்த்தேன், பின்பக்கம் ஆடுகிற பிரிட்ஜ் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மரத்துண்டு சொருகி அசையாமல் கட்டினேன். “அப்பா, இந்த ஆட்டுற கம்பி இனி ஆடாதா?” ஆடாது. முதலில் சுருதி, அப்புறம் ஆட்டம்.

ஜூலை விடுமுறையில் பேஸையும் எடுத்துக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் தங்கை வீட்டுக்குப் போனோம். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காற்று அப்பளம் மாதிரி காய்ந்தது. நாலாம் நாள் நெக் ஓரமெல்லாம் கையைக் கீறுகிறது! மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கிவிட்டது, உலோக ஃப்ரெட் சுருங்காது, முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மச்சானின் பொடி அரத்தால் முனைகளை மட்டும் சாய்வாகத் தேய்த்துவிட்டேன். டர்பன் திரும்பி மரம் ஊறினதும் ஓரம் வழவழவென்று ஆகிவிட்டது, ஒரு விதத்தில் லாபம். (நம் வீணையில் மெட்டை மெழுகில் பதிக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, வேறு தலைவலி உண்டு.) பக்கத்திலேயே சொவெட்டோ, 1986இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் இசைத்தட்டில் ஃப்ரெட் இல்லாத பேஸில் வழுக்கி வழுக்கி வாசித்த பகிதி குமாலோவின் ஊர். அந்த மயக்கத்தில் நானும் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். “முதல்ல ஃப்ரெட்டு இருக்கிற இடத்துல விரலை வை” என்று போனை வைத்துவிட்டார்.

போன ஞாயிறு மாமாவே வீட்டுக்கு வந்தார். என் 2.5, 2.0, 0.35 எல்லாவற்றையும் பெருமையாக ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே பேஸை எடுத்து மடியில் வைத்தார், கட்டைவிரலைப் பிக்கப்பில் ஊன்றி ஒரு பழைய கல்யாணப் பாட்டின் அடிநடையைத் தொடங்கினார். நான் வருடுகிற இடத்தில் அவர் இழுத்து அடிக்கிறார், கல்யாண மண்டபங்களில் வாசித்துப் பழகின கை, ஈ கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கடகடவென்று அடித்தது. நிறுத்தினார். “ஆலன் கீ எங்கே?” எடுத்துக் கொடுத்தேன். ஈ கம்பியின் சேடிலை இரண்டு பக்கமும் அரை அரைச் சுற்று ஏற்றினார், சுருதி சேர்த்தார், மறுபடி அடித்தார், சுத்தமாக வந்தது, ஹால் ஜன்னல் கண்ணாடியும் கூடவே அதிர்ந்தது.

அவர் போனதும் பழைய அளவுக்கு இறக்கிவிடலாம் என்று கீயைக் கையில் எடுத்தேன். அதற்கு முன் அந்த அடிநடையை ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இன்னும் இறக்கவில்லை, நடையும் இன்னும் பிடிபடவில்லை.