ஜனவரி 31-ஐத் தவறவிட்ட பிள்ளை

இலங்கையில் ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் சேர வேண்டுமானால், அந்த ஆண்டின் ஜனவரி 31 அன்று அதற்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். எங்கள் மகள் மார்ச்சில் பிறந்தவள். ஜேர்மனியிலிருந்து யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஐந்து முடிந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. நாட்டின் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. அந்தக் கணக்கில் அவள் படித்தே ஆக வேண்டிய பிள்ளை. அனுமதி விதியின் கணக்கிலோ அடுத்த ஜனவரி வரை எந்த அரசாங்கப் பள்ளிக்கூடமும் ஏற்காத பிள்ளை. இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் விழுந்த அந்த மாதங்களில்தான் எங்கள் வீட்டு விறாந்தை பள்ளிக்கூடமானது.

என் மனைவிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆய்வுப் பணி. நான் 1995 ஒக்டோபர் யுத்த இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்த ஒன்பது வயதுப் பையன். பிறகு வன்னி, கொழும்பு, டோட்முண்ட். "ஊரோடு வந்துவிட்டாய்" என்று காண்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் எனக்கும் இது புது நாடுதான். விதானையாரிடம் (கிராம அலுவலர்) வதிவிடச் சான்றிதழ் வாங்குவது, மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது, மீன் எந்த நேரத்தில் எந்தச் சந்தைக்கு வரும், எல்லாமே பெரியம்மாவிடம் பாடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் இருப்பது அவருடைய வீட்டில்.

நான் வேலை செய்வது ஜேர்மன் நிறுவனமொன்றுக்கு, கணினி வழியாக. அங்கே காலை ஒன்பது மணி என்றால் கோடையில் இங்கே பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. ஆகவே காலைப்பொழுது முழுவதும் எனக்கும் மகளுக்கும். வேலைக்குப் போகும் மனைவியும் வீட்டில் பிள்ளையோடு இருக்கும் கணவனும் என்பதை எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்கள் சீரணிக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. நான் சுகவீன விடுப்பில் நிற்கிறேன் என்று ஒரு கதை உலாவியதாகப் பின்னர் அறிந்தேன்.

ஜேர்மனியில் இப்படி ஒன்றை நினைத்தும் பார்க்க முடியாது. பள்ளி வயது வந்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பிப்பது அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. 2013இல் ஒரு குடும்பத்தின் நான்கு பிள்ளைகளை அதிகாரிகள் இதற்காகவே மூன்று வாரம் பிரித்து வைத்திருந்தார்கள். 2019 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது உரிமை மீறல் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. பள்ளிக்கு முந்திய வயதிலோ நேர் எதிரான கண்டிப்பு. மகளை விட்டிருந்த மழலையர் கூடத்தில், எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஆறு வயதில் பள்ளி பார்த்துக்கொள்ளும், முன்பே தெரிந்துவிட்டால் வகுப்பில் சலித்துப்போவாள் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார்கள். சேற்றில் விளையாடுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, ஒற்றைக் காலில் குதிப்பது ஆகியவைதான் அங்கே பாடம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பால் பெட்டியில் இருப்பதை வாசித்துக் காட்டு என்று காலைச் சாப்பாட்டின்போதே நச்சரிக்கும் பிள்ளைக்கு அந்த நியாயத்தை யார் விளங்கப்படுத்துவது?

இங்கே வந்தால் காற்று மறுபக்கம் வீசியது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா வந்த கிழமையே கேட்டார்: "தம்பி, பிள்ளையை இன்னும் ஓரிடமும் விடவில்லையோ?" அவருடைய மகன் அவளைவிட ஒரு வயது மூத்தவன். பின்னேரம் ஆங்கிலம், சனிக்கிழமை சித்திரம், ஞாயிறு மிருதங்கம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி, அதற்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்க, அடுத்த மாதம் வரும் கலியாணம் போலப் பேசினார். முன்பள்ளிக்கும் மகளைச் சில நாட்கள் அனுப்பிப் பார்த்தோம். ஆசிரியை நல்லவர், பாட்டும் ஆட்டமும் இருந்தன. ஆனால் கொப்பியில் ஒரே எழுத்தைப் பக்கம் நிறைய எழுதும் நேரமும் இருந்தது. "அப்பா, அந்த எழுத்து எனக்குத் தெரியும் என்று ரீச்சருக்குத் தெரியவில்லை" என்றாள் ஒரு நாள். அதன் பிறகு அனுப்பவில்லை.

எங்கள் வீட்டுப் பள்ளியின் ஒரே விதியை வகுத்தவள் மனைவி. "அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டாதீர்கள்." கேட்க இலகுவான விதி. கடைப்பிடிக்க எனக்குப் பட்டபாடு கொஞ்சமல்ல. தேங்காய்க்கு ஏன் மூன்று கண் என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, அந்தத் தேங்காய் கடலில் மிதந்து எந்தத் தீவுக்குப் போனது என்பதுவரை சொல்லத்தான் வாய் துடிக்கும்.

எழுத்தை அ, ஆவில் தொடங்கவில்லை. ட, ப, ம மூன்றிலும் தொடங்கினோம். ட இரண்டே கோடு, ப மூன்று கோடு. பிஞ்சுக் கைக்கு அ என்ற எழுத்தின் சுழியைவிட இவை எவ்வளவோ இலகு. மேலே புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், மட்டம், பட்டம் என்று முழுச் சொற்களை அன்றே வாசிக்கலாம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றும் பட்டங்களைக் காணொளியில் பார்த்திருந்தவள், தானாகக் கூட்டி வாசித்த முதற்சொல் பட்டம் என்று கண்டதும் குசினிக்கு ஓடிப் பெரியம்மாவிடம் சுவரில் எழுதிக் காட்டினாள். கரியால்.

பெரியம்மாவுக்குச் சுவர் பிரச்சினையில்லை. "ஏடு தொடக்காத பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாயோ?" என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. விஜயதசமி வரட்டும் என்றேன்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். உண்மையில் முப்பது வடிவங்களும் ஒரு கைப்பிடிக் குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. கால், கொம்பு, விசிறி எல்லாம் சொன்ன சொல் கேட்கும். சண்டித்தனம் செய்பவை உகர வரிசைதான். கு, சு, து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வால். மகளுக்குக் கோபம் வந்தது. யார் இப்படிச் செய்தது என்று கேட்டாள். பதினெட்டையும் சிறு மட்டைகளில் எழுதி விறாந்தையில் பரப்பிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அன்று காலை முழுவதும் அவற்றோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் மூன்று குவியல்கள். நேரே கீழே இறங்குபவை: சு, பு, யு, வு, ஙு. வளைத்துச் சுற்றிக்கொள்பவை: கு, டு, மு, ரு, ழு, ளு. சுழித்துக்கொண்டு பக்கத்தில் நிமிர்பவை: து, நு, று, ணு, லு, னு, ஞு. முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழ் எழுதும் எனக்கு இது கண்ணில் பட்டதில்லை. உகர வரிசையை மனப்பாடம் செய்யப் பிள்ளையை உட்கார்த்தி வைத்திருக்கும் பெற்றோர் இதை ஒருமுறை செய்துபார்க்கலாம்.

எண்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருநெல்வேலிச் சந்தையில் மிச்சக்காசு எண்ணியே கூட்டலும் கழித்தலும் வந்துவிட்டன.

எதிர்பாராத பாடம் சிங்களம். கொக்குவில் புகையிரத நிலையத்தில் பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருக்கிறது. தண்டவாளம் பார்க்கப் போனவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தமிழை வாசித்தாள். ஆங்கில எழுத்துகளை ஜேர்மன் உச்சரிப்பில் வாசித்தாள். மேலேயுள்ள வரியைக் காட்டி, "இதை வாசியுங்கள்" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். பிள்ளைகளுக்குப் பெற்றோரின் அறியாமை எவ்வளவு பெரிய விருந்து என்பதை அன்று கண்டேன். அதன் பிறகு பஸ்ஸில் போனாலும் சைக்கிளில் போனாலும் பலகை வேட்டைதான். யாழ்ப்பாணத்தைச் சிங்களத்தில் யாபனய என்று எழுதுவார்கள். நகரத்தில் ஒரு பலகையின் கீழ் நின்று, "முதலும் கடைசியும் ஒரே எழுத்து" என்று கத்தினாள். சரிதான், இரண்டு முனையிலும் யகரம், முன்னதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கால். அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு மற்றப் பலகைகளில் யகரம் எங்கே வருகிறது என்று தேடினோம். இணுவில், சுன்னாகம், தெல்லிப்பழை என்று காங்கேசன்துறை வரை ஒவ்வொரு நிலையப் பலகையிலிருந்தும் ஓரிரு எழுத்தைப் பிடுங்கிச் சேர்த்தோம். கொப்பியில் ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் சிங்களம். இராணுவத்தின் அறிவித்தல் பலகை ஒன்றையும் ஒரு நாள் அவள் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். நான் சைக்கிளைச் சற்று வேகமாக மிதித்தேன். ஒன்பது வயதில் அந்த எழுத்து எனக்கு எதைக் குறித்தது என்பதை அவள் கேட்கவில்லை. விதி விதிதான்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு அடிக்கடி போனோம். வாசலில் இருக்கும் சரஸ்வதியின் வீணைக்கு எத்தனை நரம்பு என்பதில் தொடங்கி, இங்கே எத்தனை புத்தகம் என்பதில் ஒரு நாள் வந்து நின்றாள். இப்போது எத்தனை என்று தெரியாது, 1981இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 இருந்தன என்றேன். ஆயிரம்வரை எண்ணத் தெரிந்தவளுக்கு 97,000 வெறும் சத்தம். எவ்வளவு பெரிது என்றாள். ஒரு அலுமாரியின் ஒரு தட்டை எண்ணினோம், நாற்பது. ஐந்து தட்டு என்றால் இருநூறு. அப்படி 485 அலுமாரி வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கூடத்தில் இருந்த அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். நாற்பதுக்கு முன்பே அலுமாரிகள் முடிந்துவிட்டன. "பிறகு?" என்றாள். பிறகு திரும்பக் கட்டினார்கள் என்றேன். யார் எரித்தார்கள் என்று கேட்கவில்லை. ஒரு நாள் கேட்பாள், அன்றைக்குப் பதில் சொல்வேன்.

வீட்டுக் கிணற்றடியில் பெயர்ந்து கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டில் வினாகிரி விட்டபோதும் அப்படித்தான். கல் நுரைத்தது. அவள் மறுபடி மறுபடி விட்டாள். குடாநாடு முழுவதும் இந்தக் கல்லின் மேல்தான் இருக்கிறது, வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத ஊரில் மழைநீர் இந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது என்ற அளவோடு நிறுத்தியிருந்தேன். "மழை கல்லைத் தின்றால் வீடு விழாதா?" என்றாள். மழை வினாகிரியைவிட மிக மிகச் சாது, பல்லாயிரம் வருடம் எடுக்கும் என்றேன். நிலாவரைக் கிணற்றைக் காட்ட வேண்டும் என்று மனம் துடித்தது. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? அடக்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து, கடல் இவ்வளவு கிட்ட இருந்தும் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்பில்லை என்று அவளே கேட்டாள். அன்றே புத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

விஜயதசமி வந்தது. பெரியம்மா புதுப் பாவாடை சட்டை தைப்பித்திருந்தார். கோயிலில் மூன்று வயதுக் குழந்தைகள் வரிசையில் அழுதுகொண்டிருக்க, நடுவில் எங்கள் நெடுவல். குருக்கள் தாம்பாளத்து அரிசியைப் பரப்பி, அவள் விரலைப் பிடித்து அ எழுதத் தொடங்கினார். "ஐயா, விடுங்கள். நானே எழுதுவேன்" என்றாள். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். குருக்கள் சிரித்துவிட்டுக் கையை எடுத்தார். அவள் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே அ எழுதி, அரிசியில் இன்னும் இடம் இருக்கிறது என்று கண்டு "மழை" என்றும் எழுதினாள். அரிசி சரிந்து ழகரத்தின் கீழ்ச்சுழி மூடிக்கொண்டது. அதைத் திருத்தும்வரை எழும்ப மாட்டேன் என்று இருந்துவிட்டாள். பின்னால் வரிசை நீண்டது. "என்ன, பிள்ளை ஏற்கெனவே படித்துத்தான் வந்திருக்கிறாவோ?" என்று குருக்கள் கேட்க, "தகப்பன் வீட்டில் இருந்து படிப்பிக்கிறார்" என்றார் பெரியம்மா. அதைக் குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்பதை நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. ஆனால் சுகவீன விடுப்புக் கதை அதோடு நின்றது.

தொடர்ந்து வீட்டிலேயே வைத்திருக்கலாமா என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். கொழும்பில் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பின்னாளில் லண்டன் பாடத்திட்டப் பரீட்சைகளைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். எனக்கு ஆசைதான். மறுத்தது மகள். மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பையன் வெள்ளைச் சீருடையில் சைக்கிளின் முன் இருக்கையில் போவதை அவள் பல மாதமாகப் பார்த்துவந்திருக்கிறாள். "எனக்குச் சண்டை பிடிக்க ஆள் வேண்டும்" என்றாள். வீட்டுக் கல்விக்கு எதிராக இதைவிட வலுவான வாதத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்ந்தாள். பாடநூல்கள் அரசாங்கம் இலவசமாகத் தந்தவை. அவற்றை அன்று மாலையே வாசித்து முடித்துவிட்டாள். சலித்துப்போவாள் என்ற பயம் எனக்கும் இருந்தது. இதுவரை அப்படி ஒன்றும் இல்லை. வாசிக்கத் தெரியாத தோழிக்கு உகர வரிசையின் மூன்று குவியல்களைச் சொல்லிக்கொடுப்பதில் நேரம் போகிறதாம். முதலாம் தரம் பகல் பதினொன்றரைக்கே முடிந்துவிடுவதால், என் வேலை தொடங்கும்வரை பலகை வேட்டைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அக்கா விடவில்லை. "இனியாவது ரியூசனுக்கு விடப்போகிறாயோ?" என்று போன கிழமையும் கேட்டார். விட்டுவிட்டோம் அக்கா, என்னைத்தான் என்றேன். சனிக்கிழமைகளில் சிங்கள வகுப்புக்குப் போகிறேன். பலகைகளில் மகள் என்னை முந்திவிட்டாள், வீட்டுப்பாடத்தையும் அவள்தான் திருத்துகிறாள். சிவப்புப் பேனா வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், இன்னும் வாங்கிக்கொடுக்கவில்லை.