பெயர் எழுதிய கல்

2025 ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

அப்பாயியின் அண்ணனுக்கு இன்று படையல் போட்டோம். அவர் செத்த நாளும் திதியும் யாருக்கும் தெரியாது, அதனால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசையன்றுதான் அவருக்கு இலை. 1937ல், பதினெட்டு வயதில் மலேயா தோட்டத்து வேலைக்குப் போனவர். அப்போது அப்பாயிக்கு நாலு வயது. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு கடிதம் நின்றுபோனது. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "சயாம் ரயிலு போடப் பிடிச்சிட்டுப் போனாங்க, காலராவுல போயிட்டான்" என்று சொல்லியிருக்கிறார். எங்களிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். போட்டோகூடக் கிடையாது. அவர் தண்ணீர் குடித்த பித்தளைச் சொம்பை இலைக்கு முன்னால் வைத்துக் கும்பிடுகிறோம்.

காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்த மகள், "சண்டையில செத்தவங்க பேரையெல்லாம் எங்கம்மா எழுதி வெச்சிருப்பாங்க?" என்றாள். எனக்குச் சட்டென்று நடுகல்தான் ஞாபகம் வந்தது.

ஜூலை 26, சனி

சேலம் அரசு அருங்காட்சியகம். சிலைகள், ஓலைச்சுவடிகள், நாணயங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நடுகற்களுக்கு முன்னால் வந்து நின்றோம். அங்கிருந்து நகர அவளுக்கு மனசே வரவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாடு கவர வந்தவர்களோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் கல் நடும். எழுத்துள்ள பழைய கற்களில் முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். அப்புறம் செத்தவன் யாருடைய ஆள், எந்த ஊரில், எதற்காகச் செத்தான் என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. 'தொறு மீட்டுப் பட்டான்' என்ற மூன்றே சொல்லில் ஒரு ஆளின் கடைசி நாள் முழுக்க அடங்கிவிடும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். 1,400 வருஷத்துக்குப் பிறகும் இன்றைக்கு அந்தப் பெயரை வாசிக்க முடிகிறது.

"நாய்க்குக்கூடப் பேரு போட்டாங்களா?"

"ஆமா கண்ணு."

"அப்ப நம்ம தாத்தாவுக்கு?"

பதில் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

இரவு அவள் தூங்கிய பிறகு சயாம் ரயில்பாதையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர். 1942ல் தொடங்கி, காட்டையும் பாறையையும் வெட்டி, 1943 அக்டோபர் 17ல் இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் சேர்த்துவிட்டார்கள். மழைக்காலத்திலும் வேலை நிற்கவில்லை. முகாம்களில் காலரா பரவியது. ஜப்பான்காரன் பிடித்து வேலை வாங்கிய எதிரிப் படைப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். மலேயாத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள் என்று ஆசியக் கூலிகளில் செத்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு.

தாய்லாந்தில், அந்தப் பாதையோரத்துக் காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கற்கள், பெயரும் படைப்பிரிவும் வெட்டியவை. கைதிகள் ராணுவத்து ஆட்கள். யார் செத்தான், எங்கே புதைத்தோம் என்று மறைத்து மறைத்தாவது குறித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அவர்களின் அரசாங்கங்கள் ஆள் அனுப்பிக் குழிகளைத் தேடின. தோட்டத்துக் கூலிகளுக்காக யாரும் அப்படி வரவில்லை. இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

அதே ஊரில், தவோன் வராராம் என்ற புத்த கோயிலில், தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் நிற்கிறது. 2023ல்தான் நட்டிருக்கிறார்கள். படத்தைக் கண்டுபிடித்துப் போனில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

சங்ககிரி. தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் என்பதால் ஆடி 18ல் ஊரே மாலைகளாக இருக்கும். காலையிலேயே கூட்டம். கும்பிட்டுவிட்டுக் கோட்டை ஏறினோம். ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு மதில், அதைத் தாண்டினால் அடுத்த வாசல். மூச்சு வாங்கியபோதெல்லாம் படியில் உட்கார்ந்து மகளுக்குக் கதை சொன்னேன். மைசூர் ஆட்சியில் சுற்றுவட்டாரத்து வரிப்பணமெல்லாம் இந்தக் கோட்டைக்குத்தான் வரும். அப்படி வந்த பணத்தை வழியில் மறித்துப் பிடுங்கிய இளைஞன், "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல்" என்றானாம். பிறகு அதே ஆள் திப்புவின் பக்கம் நின்று, திப்பு இறந்த பின்னும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோதினார். 1801ல் காவிரிக் கரையில், 1802ல் ஓடாநிலையில், 1804ல் அறச்சலூரில். 1805 ஜூலை 31ல் தூக்கு. அது அன்றைக்கு ஆடி 18.

அவருக்கு இங்கிலீஷ் தேதியும் இருக்கிறது, தமிழ்த் தேதியும் இருக்கிறது. எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் அவருக்குப் பக்கத்தில் நின்று விழுந்தவர்களின் வீடுகளில், எந்த நாளில் இலை போட்டிருப்பார்கள்?

மேலே சுனையோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்பாயியிடம் காஞ்சனபுரி நடுகல் படத்தைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கண்ணன் பேரு இருக்குதா?"

"இல்லைங்க அப்பாயி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கல்லு."

"சரி. அதுக்கு யாரு தண்ணி ஊத்தறாங்க?"

தெரியவில்லை என்றேன். எழுந்து உள்ளே போனவர் புளி போட்டுத் தேய்த்த சொம்போடு வந்து, "நீ போறப்ப இதை எடுத்துட்டுப் போ கண்ணு" என்றார்.

எனக்கும் மகளுக்கும் பாஸ்போர்ட்டுக்கு இன்று மாலையே விண்ணப்பித்துவிட்டேன்.