குறட்டை நின்றால்தான் பயம்

எங்கள் வீட்டில் என் குறட்டை ஒரு வேடிக்கை விஷயமாகத்தான் இருந்தது. ஒருமுறை பாண்டியன் எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த்காரர் நடுராத்திரியில் என் காலைத் தட்டி, "சார், கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். அதையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "சத்தம் வர்ற வரைக்கும் நான் தூங்கிடுவேன், அது நிக்கும்போதுதான் முழிச்சுக்கிறேன்" என்றாள். புரியவில்லை என்றதும் ஒரு ராத்திரி போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். குறட்டை சட்டென்று நிற்கிறது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகின்றன, ஆனால் மூச்சுச் சத்தமே இல்லை. 20 விநாடிக்கு மேல் அப்படியே. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் மாதிரி ஒரு பெரிய இழுப்பு.

இதற்கு நடுவில் ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்தேன். சர்க்கரை என்று நினைத்துச் சோதித்தால் சரியாக இருந்தது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. தூக்கம் பத்தவில்லை என்று தூக்க மாத்திரை வேறு போட்டுப் பார்த்தேன், தொண்டைத் தசையை அது இன்னும் தளர்த்திவிடலாம் என்று தெரியாமல். கடைசியில் பிரஷர் பார்க்கும் டாக்டர்தான் "குறட்டை உண்டா?" என்று கேட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம் என்று நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கே முதலில் டேப் வைத்துக் கழுத்தை அளந்தார்கள், 43 செ.மீ. 40ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். அப்புறம் எட்டுக் கேள்விகள். டிவி பார்க்கும்போது, சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, டிராஃபிக்கில் வண்டி நிற்கும்போது கண் அசருமா என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். 10க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம். எனக்கு 15. சிக்னலில் கண் சொருகிப் பின்னாலிருந்து ஹாரன் வாங்கியதை அன்றுதான் மனைவி முன்னால் ஒப்புக்கொண்டேன்.

ஸ்லீப் ஸ்டடிக்கு ஒரு ராத்திரி மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. தலையெல்லாம் ஒயர், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் குழாய், விரலில் கிளிப். இதில் எங்கே தூங்குவது என்று நினைத்தேன், பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேனாம். ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ 47. மூச்சு குறைந்தபட்சம் 10 விநாடி நிற்பதும் அரைகுறையாகத் தடைபடுவதும் மணிக்கு எத்தனை தடவை என்கிற கணக்கு அது. 5க்குள் இருந்தால் சரி, 30ஐத் தாண்டினால் தீவிரம். எனக்கு ஒண்ணேகால் நிமிடத்துக்கு ஒரு தடவை. ரத்தத்தில் ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. மல்லாந்து படுக்கும்போதுதான் மோசம் என்றும் போட்டிருந்தது, ரயிலில் காலைத் தட்டியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து வழி அடைபடுகிறது. மூளை சில விநாடி விழித்துத் திறந்துவிடுகிறது, காலையில் நமக்கு ஒன்றும் நினைவிருக்காது. அடைத்த வழியில் மூச்சை இழுக்க இழுக்க இதயம் விரிந்து, உடம்பில் தண்ணீர் அதிகம் என்று ஏமாந்து சிறுநீரகத்துக்குச் சமிக்ஞை அனுப்புமாம். பாத்ரூமுக்கு எழுந்த காரணம் அதுதான்.

ஆபரேஷன் பண்ணி முடித்துவிடலாமா என்று கேட்டேன். என் தொண்டைக்கு அதில் பலன் குறைவு, மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் சி-பாப் மெஷின்தான் என்றார் டாக்டர். எனக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். அது வெறும் அறைக் காற்று. அழுத்தத்தோடு ஊதித் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 1980களின் தொடக்கத்தில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப்போட்டு ஆரம்பித்த வேலை.

மெஷின் வாங்கினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் ராத்திரி 40 நிமிடத்தில் கழற்றி எறிந்தேன். மூக்கு மாஸ்க்கில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினேன், மூக்குத்தண்டு புண்ணானது. டெக்னீஷியன் வந்து பார்த்துவிட்டு "சார், மீசைதான் பிரச்சினை" என்றார். இருபது வருட மீசை! ஒரு வாரம் யோசித்துவிட்டுக் குறைத்தேன். வாரை உட்கார்ந்து மாட்டாமல், மெஷினை ஓடவிட்டுப் படுத்துக்கொண்டே சரிசெய்யச் சொன்னதும் அவர்தான். சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகினேன். ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். வாங்கும் முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று, மாஸ்க் அளவு அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். பாத்ரூமுக்கு ஒரே ஒரு தடவை. மனைவிதான் தூங்கவில்லை, சத்தமே இல்லாததால் பயந்து மூன்று தடவை எழுந்து என் நெஞ்சில் கைவைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது மெஷின் காட்டும் ஏஹெச்ஐ 3. பிரஷர் மாத்திரை குறையவில்லை, ஆனால் அளவு கட்டுக்குள் வந்திருக்கிறது. எடை 94லிருந்து 89, இன்னும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 72 வயது. "அந்தத் தும்பிக்கையெல்லாம் எனக்கு வேண்டாம்டா" என்கிறார். போன ஞாயிறு மத்தியானம் அவர் ஈஸி சேரில் தூங்கும்போது நான் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். குறட்டை நின்றதும் எண்ண ஆரம்பித்தேன். 17 வரை போனது.