முட்டிக்காகப் போனோம், கழுத்தில் தொடங்கினார்கள்

மகளுக்கு மூன்று வயதில் முட்டி இரண்டும் இடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நேராக நிற்கச் சொன்னால் முட்டி ஒட்டிக்கொள்ளும், கணுக்கால்களுக்கு நடுவே எட்டு விரல் இடைவெளி. அளந்தது அத்தை (மாமியாரும் அவர்தான், நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள்). முதலில் பார்த்த இடத்தில் ரிக்கெட்ஸ், அதாவது வைட்டமின் டி குறைந்து எலும்பு வளையும் நோய் என்றார்கள். ஒன்றரை வருடம் வைட்டமின் டி சொட்டும் கால்சியமும் கொடுத்தோம், ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் சரியாக இருந்தும்.

அப்புறம் பார்த்த குழந்தைகள் எலும்பு மருத்துவர் முட்டியைத் தொடவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார், துணி போலத் துவண்டது. துருத்திய மார்பெலும்பைப் பார்த்தார், முதுகுக்கு எக்ஸ்ரே எழுதினார். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் வீட்டில் பாயசம் வைத்தோம். அவளுக்கு இருந்த நோயில் அந்தப் பரிசோதனை ஏமாற்றலாம், ரத்தத்தில் என்சைம் பார்த்தால்தான் தெரியும் என்பது பிறகுதான் புரிந்தது. நோயின் பெயர் மார்க்கியோ ஏ, பிறவியிலேயே வரும் அரிய நோய். கெரட்டான் சல்பேட் என்ற பொருளை உடைக்கும் என்சைம் இல்லாததால் அது குருத்தெலும்பில் சேர்ந்துகொண்டே போகிறது. அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை, வாய்ப்பாடு என்னைவிட வேகமாகச் சொல்வாள்.

முட்டி ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். முதலில் கழுத்து என்றார். கழுத்தின் இரண்டாவது எலும்பில் அச்சாணி மாதிரி ஒரு முளை இருக்குமாம், இவளுக்கு அது சரியாக வளரவில்லை, குனிந்து நிமிரும்போது மேல் எலும்பு வழுக்கித் தண்டுவடத்தை நசுக்குகிறது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எனக்கே தெரிந்தது. இதைப் பார்க்காமல் முட்டிக்காக மயக்கம் கொடுத்து, மூச்சுக்குக் குழாய் போடக் கழுத்தை வளைத்திருந்தால்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது. மூச்சுக்குழாயும் இவர்களுக்குக் குறுகல். அதனால் எங்கே போனாலும் நான் முதலில் தேடியது மயக்க மருத்துவரை, இப்படிப்பட்ட குழந்தைக்கு மயக்கம் கொடுத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். ஒருவர் "இல்லைம்மா, பெரிய இடத்துக்குக் கொண்டு போங்க" என்றார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

மேல் இரண்டு எலும்புகளையும் இணைத்தார்கள். மூன்று மாதம் தலையில் திருகிய வளையம், அதோடு உடம்பில் கவசம். தலை வழியாகப் போடும் எந்த உடையும் ஆகாது, அவள் அப்பாவின் பழைய சட்டைகளை வெட்டித் தைத்தோம். திருகு இருக்கும் இடத்தைத் தினமும் துடைக்க வேண்டும், முதல் வாரம் எனக்குத்தான் கை நடுங்கியது.

வாராவாரம் ஏற்றும் என்சைம் மருந்து, எலோசல்பேஸ் ஆல்பா, இருக்கிறது. ஆயுள் முழுக்க வேண்டியது. மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையில் உதவி 50 லட்சம் வரை, மருந்து விற்கும் விலைக்கு அது ஆயுள் முழுக்க வராது. கிடைத்தாலும் வளைந்த எலும்பை அது நிமிர்த்தாது, அதனால் எலும்பு மருத்துவரை விட முடியாது.

ஆறு வயதில் முட்டிக்கு உள்பக்கம் சின்னத் தகடுகள் வைத்தார்கள். தகடு உள்பக்க வளர்ச்சியைப் பிடித்துக்கொள்ளும், வெளிப்பக்கம் வளர்ந்து கால் நேராகும். இந்தப் பிள்ளைகளுக்கு வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் அத்தை மறுபடி விரல் வைத்தார். ஐந்து என்கிறார், மகள் நாலரைதான் என்று சண்டை பிடிக்கிறாள்.